கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரிக்காமல் வகுப்பெடுப்பது எப்படி?

கல்வியாண்டுத் தொடக்கத்தில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள், அந்த மூலையில் இருப்பவன் கையால் செய்தால்தான் கற்பான் என்று பிள்ளைகளுக்குப் பெயர் ஒட்டி, அந்தந்தப் பெயருக்கு ஏற்றபடி பாடம் தயாரிக்கச் சொல்லும் பயிற்சியில் நீங்களும் ஒருநாள் உட்கார்ந்திருக்கலாம். அந்த வினாத்தாளைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. ஆனால் அதை வைத்துப் பாடத்திட்டம் போடாதீர்கள். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

இந்த வகைப்பாடுகளில் பலருக்கும் தெரிந்தது 'வார்க்'. பார்த்தல், கேட்டல், படித்தல்-எழுதுதல், செய்தல் என்ற நான்கு பிரிவு. நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் 1980களின் கடைசியில் உருவாக்கினார். மாணவர் தன் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க ஒரு தூண்டுகோலாக இருக்கட்டும் என்றுதான் அவரே அதை முன்வைத்தார், பிற்பாடு அது முத்திரை குத்தும் கருவியாகிவிட்டது. இது ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை. 2004-இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் உடன் பணியாற்றியவர்களும் கணக்கெடுத்தபோது இப்படிப்பட்ட கற்றல் பாணி வகைப்பாடுகள் 71 இருந்தன! ஒன்றில் 'செய்து கற்பவன்' என்று வரும் பையன் இன்னொன்றில் 'ஆழ்ந்து சிந்திப்பவன்' என்று வருவான். எதை நம்பி நாளைய பாடத்தைத் தயாரிப்பது?

சரி, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வோம் என்றாலும் சிக்கல் தீரவில்லை. 2008-இல் ஹரால்ட் பாஷ்லர், ராபர்ட் பியோர்க் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஒரு நேரான கேள்வி கேட்டார்கள். பார்த்துக் கற்பவருக்குப் படம், கேட்டுக் கற்பவருக்குப் பேச்சு என்று பொருத்திக் கொடுத்தால் மதிப்பெண் உண்மையிலேயே கூடுகிறதா? அதை நிரூபிக்க வேண்டுமென்றால் இரண்டு வகைப் பிள்ளைகளையும் கலந்து, பாதிப் பேருக்கு ஒரு முறையிலும் மீதிப் பேருக்கு இன்னொரு முறையிலும் சொல்லிக்கொடுத்து, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்து, இவருக்கு இந்த முறை உதவியது அவருக்கு அந்த முறை உதவியது என்று காட்ட வேண்டும். அப்படி ஒழுங்காகச் செய்த ஆய்வுகளே சொற்பம். அவற்றிலும் பல இந்தக் கருத்துக்கு எதிராகத்தான் வந்திருந்தன. பின்னாளில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படிக்கும் மாணவர்களிடம் பார்த்தபோது, தன் 'பாணி' இன்னதென்று தெரிந்த பிறகும் பெரும்பாலோர் அதன்படி படிக்கவில்லை, படித்தவர்களுக்கும் அதனால் மதிப்பெண் கூடவில்லை. இத்தனைக்கும் 2012-இல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்த ஒரு கணக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேலான ஆசிரியர்கள் இந்தப் பொருத்தத்தை நம்பினார்கள். நாம் மட்டும் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

விருப்பம் என்பது உண்மைதான். படம் பார்க்கப் பிடித்த பிள்ளை உண்டு, கதை கேட்கப் பிடித்த பிள்ளை உண்டு. ஆனால் பிடித்த வழியும் நன்றாக மனதில் நிற்கும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பெயர் ஒட்டுவதில் இருக்கும் பெரிய ஆபத்து வேறு. "நான் கேட்டுக் கற்பவன், எனக்கு வரைபடம் வராது" என்று பன்னிரண்டு வயதிலேயே ஒரு பையன் முடிவுகட்டிவிட்டால் வடிவியல் அவனுக்குப் பூட்டிய கதவு.

பிள்ளைகள் உண்மையில் எதில் வேறுபடுகிறார்கள்?

எல்லோரும் ஒன்றுபோல என்று நான் சொல்ல வரவில்லை. முதல் வேறுபாடு, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது, ஏற்கெனவே என்ன தெரியும் என்பது. பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளையும் தடையில்லாமல் சொல்லும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நீள்வகுத்தல் கற்கிறார்கள், பாடம் ஒன்று, ஆனால் அவர்கள் இருவர் தலையிலும் நடக்கும் வேலை வேறு வேறு. அடுத்தது மொழி. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் இன்னொரு மொழியுமாக இருக்கும் பிள்ளைக்கு அறிவியல் கடினமில்லை, கேள்வியின் வாக்கியம்தான் கடினம். அப்புறம் ஆர்வம், தூக்கம், பசி, பயம். இவையெல்லாம் அந்த வினாத்தாளில் வராது.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளை, கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை, எழுத்துகளைப் படிப்பதில் திணறும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை, இவர்களுடையது 'பாணி' இல்லை, தேவை. முன் வரிசை இருக்கை, பெரிய எழுத்து, கூடுதல் நேரம், உரியவரிடம் பரிசோதனை என்று அதற்கான உதவியைச் செய்தே ஆக வேண்டும். "அவன் பார்த்துக் கற்பவன் போலிருக்கிறது, வாசிக்க ஆர்வமில்லை" என்று சொல்லிச் சொல்லியே ஒரு குறைபாட்டை யாரும் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிவிட முடியும்.

உங்கள் கற்பித்தல் பாணியைப் பிடிப்பது

கற்றல் பாணியைவிட இதில் நேரம் செலவழிப்பது எவ்வளவோ லாபம். 1990களில் ஆன்டனி கிராஷா என்ற உளவியல் பேராசிரியர் கற்பித்தலை ஐந்து பாணிகளாகப் பிரித்தார். விஷயம் தெரிந்த நிபுணராக நின்று சொல்பவர், விதிமுறையும் தரமும் வகுத்து அதிகாரத்தோடு நடத்துபவர், தானே செய்துகாட்டி முன்மாதிரியாக இருப்பவர், கேள்வி கேட்டு வழிகாட்டுபவர், வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பவர். அவர் சொன்னதில் பலரும் தவறவிடும் பகுதி என்னவென்றால், ஒரு ஆசிரியரிடம் இந்த ஐந்துமே வெவ்வேறு அளவில் இருக்கும். ஆகவே "நான் கண்டிப்பான டைப்", "நான் ஃபிரெண்ட்லி டைப்" என்று சொல்லிக்கொள்வதும் பிள்ளைகள் மேல் ஒட்டிய பெயரைப் போலத்தான். பாணி உங்கள் குணம் இல்லை, தேவைக்கு எடுத்து வேலை முடிந்ததும் வைக்கும் கருவி.

எந்தக் கருவி உங்கள் கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு, போனை மேசை மேல் வைத்து ஒரு பீரியடை முழுக்க ஒலிப்பதிவு செய்யுங்கள், வீடியோ வேண்டாம். வீட்டில் போட்டுக் கேட்கும்போது மூன்றை மட்டும் எண்ணுங்கள். நீங்கள் பேசிய நேரம் எவ்வளவு, மாணவர் பேசிய நேரம் எவ்வளவு? கேட்ட கேள்விகளில் 'ஆமாம்', 'இல்லை' என்று கோரஸாகப் பதில் வரக்கூடியவை எத்தனை? கேள்வி கேட்டபின் நீங்களே பதில் சொல்லும்வரை எத்தனை நொடி விட்டீர்கள்? சொந்தக் குரலைக் கேட்பது யாருக்கும் சுகமான அனுபவமில்லை, ஆனால் எந்த மேற்பார்வை அறிக்கையும் இவ்வளவு நேர்மையாக இருக்காது.

ஊடகத்தைப் பாடம் முடிவு செய்யட்டும்

பிள்ளையைப் பார்த்து ஊடகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பாடப்பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இதயத்தின் நான்கு அறைகள் வழியாக ரத்தம் ஓடும் பாதைக்குப் படம் வேண்டும், 'கேட்டுக் கற்பவர்' என்று எழுதிக்கொடுத்த பிள்ளைக்கும் வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டுக்கு வாயும் காதும் வேண்டும், எவ்வளவு வண்ணமயமான அட்டை மாட்டினாலும் அது சத்தம் போடாது. நுண்ணோக்கியைக் குவியப்படுத்தக் கற்க நுண்ணோக்கியைத் தொட வேண்டும். கட்டுரை எழுதக் கற்க எழுத வேண்டும், வேறு வழியே இல்லை.

பல ஊடகங்களைச் சேர்ப்பது நல்லதுதான், அது எல்லோருக்கும் நல்லது. படமும் சொல்லும் சேர்ந்து வந்தால் நினைவில் இரண்டு தடயம் பதியும் என்று உளவியலாளர் ஆலன் பைவியோ 1971-லேயே விளக்கியிருக்கிறார். ஆனால் சேர்க்கும் விதம் முக்கியம். படத்தைக் காட்டி வாயால் விளக்குங்கள். படத்தையும் காட்டி, அதன் கீழே நீளமாக எழுதியும் வைத்து, எழுதியதையே வாசித்தும் காட்டினால் பிள்ளை படத்தைப் பார்ப்பதா, வரியைப் படிப்பதா, உங்களைக் கேட்பதா என்று அல்லாடும். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஸ்லைடை வரிவரியாக வாசிக்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தால் பொழுது போதாது.

பாணியை எப்போது மாற்றுவது?

ஒரு பாடத்துக்குப் புதிதாக வருபவருக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுங்கள். "நீயே கண்டுபிடி" என்று விட்டால் ஏற்கெனவே தெரிந்த இரண்டு பேர் கண்டுபிடிப்பார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எழுதுவார்கள். மனதின் வேலை செய்யும் இடம் சிறியது, ஒரே நேரத்தில் விதியையும் தேடி, கணக்கையும் போட்டு, தவறையும் கவனிக்க அதில் இடமில்லை. கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-இல் முன்வைத்த அறிவாற்றல் சுமைக் கோட்பாட்டின் சாரம் இதுதான். அதனால் தொடக்கத்தில் படிப்படியாகத் தீர்த்துக்காட்டிய எடுத்துக்காட்டுகள் வேண்டும்.

ஆனால் அதே எடுத்துக்காட்டுகள் விஷயம் தெரிந்துவிட்ட பிள்ளைக்குச் சுமை. ஒவ்வொரு படியையும் விளக்கிக்கொண்டே இருந்தால் அவன் சலித்துப்போவது மட்டுமல்ல, கற்பதும் குறைகிறது என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆக ஒரு அலகின் தொடக்கத்தில் நிபுணராகவும் செய்துகாட்டுபவராகவும் இருங்கள், நடுவில் கேள்வி கேட்பவராக மாறுங்கள், கடைசியில் வேலையைக் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள். விரிவுரையா, செயல்பாடா என்ற சண்டையில் பெரும்பாலும் இரண்டு தரப்பும் அலகின் வெவ்வேறு நாளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக வருடம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்து ஸ்காட் ஃபிரீமன் குழு 2014-இல் வெளியிட்ட தொகுப்பில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34 சதவீதம், மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளில் சுமார் 22 சதவீதம்.

ஒரு பாடவேளை எப்படி இருக்கும்

பின்னங்களைக் கூட்டுவதை எடுத்துக்கொள்வோம், 45 நிமிட வகுப்பு.

உள்ளே நுழைந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். போன வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்வி, போன மாதத்திலிருந்து ஒன்று, துண்டுத்தாளில் பதில். மதிப்பெண் கிடையாது, அவரவரே திருத்திக்கொள்வார்கள். ஐந்து நிமிடம் போதும். அப்புறம் பலகையில் 1/2 + 1/3 என்று எழுதி, யாரிடமும் கேட்காமல் ஆளுக்கொரு விடையை எழுதச் சொல்லுங்கள். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டி 2/5 என்று பலர் எழுதுவார்கள். உடனே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள், இந்த வகுப்பே அந்த விடையில்தான் நிற்கப்போகிறது. "2/5 பெரிதா, பாதி பெரிதா?" என்று மட்டும் கேளுங்கள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறைந்துபோகுமா? வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். அது வந்த பிறகுதான் விளக்கத்துக்குக் காது கிடைக்கும்.

இப்போது எல்லோர் கையிலும் ஒரு காகிதப் பட்டை. எல்லோர் கையிலும் என்பதைக் கவனியுங்கள், 'செய்து கற்பவர்' என்று எழுதிவைத்த நான்கு பேருக்கு மட்டும் அல்ல. ஆறு சம மடிப்பாக மடித்தால் பாதி என்பது மூன்று கட்டம், மூன்றில் ஒன்று என்பது இரண்டு கட்டம், சேர்ந்தால் ஐந்து கட்டம், அதாவது 5/6. அதையே நோட்டில் வரையட்டும். அதையே எண்ணால் எழுதட்டும், 3/6 + 2/6. கை, கண், குறியீடு மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று நீங்கள் வாய்விட்டு இணைத்துக் காட்ட வேண்டும். இந்த இணைப்பை விட்டுவிட்டால் பிள்ளை காகிதம் மடித்த நாளை நினைவில் வைத்திருக்கும், பின்னத்தை மறந்துவிடும். செயல்பாட்டு வகுப்புகள் பல கோட்டைவிடும் இடம் இது.

அடுத்து பலகையில் ஒரு கணக்கை முழுதாகத் தீர்த்துக்காட்டுங்கள். இரண்டாவதில் கடைசிப் படியை விட்டுவிடுங்கள், அவர்கள் முடிக்கட்டும். மூன்றாவதில் முதல் படி மட்டும் உங்களுடையது. நான்காவது முழுக்க அவர்களுடையது. யாருக்கு முதல் இரண்டே போதும், யாருக்கு இன்னும் ஒன்று வேண்டும் என்று பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாலே தெரிந்துவிடும், அந்த நடைதான் நீங்கள் தேடிய வகைப்பாடு. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு கணக்கு, போகும்போது தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். சாயங்காலம் அவற்றைச் சரி, பாதி சரி, தப்பு என்று மூன்று கட்டாகப் பிரித்தால் நாளை எங்கே தொடங்குவது என்று தெரியும்.

கேள்வி கேட்டால் காத்திருங்கள்

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் விடுகிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு நீட்டியதும் பதில்கள் நீளமாகின, வழக்கமாக வாய் திறக்காதவர்கள் பேசினார்கள், மௌனம் குறைந்தது. மூன்று நொடி வகுப்பில் நிற்கும்போது மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள், பலகையைத் துடைக்கப் போய்விடாதீர்கள்.

"புரிந்ததா?" என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். அதற்கு உலகெங்கும் ஒரே பதில்தான். அதற்குப் பதிலாகத் தவறான எண்ணத்தை வெளியே இழுக்கும் கேள்வி வையுங்கள். விதை பெரிய மரமாகிறது, அந்த எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? மண், தண்ணீர், காற்று, சூரிய ஒளி. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் மாணவர்கள்கூட மண் என்று கை தூக்குவார்கள். உலர்ந்த மரத்தின் எடையில் பெரும்பங்கு காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது என்று அப்புறம் சொல்லும்போது அந்தச் சமன்பாட்டுக்கே உயிர் வரும்.

ஹார்வர்டில் எரிக் மசூர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் செய்த முறை இதோடு நன்றாகச் சேரும். எல்லோரும் தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கை விரலால் காட்டினாலே போதும், கருவி ஒன்றும் வேண்டாம். சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதம் பேரிடம் இருந்தால் பக்கத்திலிருப்பவரிடம் வாதாடச் சொல்லி, மறுபடி விடை கேட்கிறார். 30-க்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, நீங்களே திரும்ப விளக்க வேண்டும். 70-க்கு மேலே என்றால் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். எந்தப் பாணிக்கு மாற வேண்டும் என்பதை அந்த நிமிடத்திலேயே வகுப்பு சொல்லிவிடுகிறது.

குழு வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் தனியாக எழுதட்டும், பிறகு சேரட்டும், யாரை எழுப்பிக் கேட்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். இவ்வளவு செய்தால் ஒருவர் உழைத்து மூவர் வேடிக்கை பார்ப்பது பெருமளவு நிற்கும்.

மாணவர்கள் முணுமுணுப்பார்கள்

நன்றாக நிற்கும் வழிகள் பல அந்த நேரத்தில் கடினமாகத் தெரியும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனை ஒன்றில், ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவிருந்தது, ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. கணக்குகளைக் கலந்து கொடுப்பதும் இப்படித்தான். ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் பார்த்தபோது, ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், ஒரு வாரம் கழித்து 20தான். கலந்து போட்டவர்கள் பயிற்சியில் 60, ஒரு வாரம் கழித்து 63.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 2019-இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில், தாங்களே ஈடுபட்டுப் படித்த மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் "நிறையக் கற்றோம்" என்று சொன்னது வழவழப்பான விரிவுரையைக் கேட்டவர்கள். ஆகவே "எந்த முறை உங்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று கருத்துக் கேட்டு அதன்படி மட்டும் மாறினால் தவறான திசையில் போக வாய்ப்புண்டு. முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் இந்த எண்களைச் சொல்லிவிடுங்கள். சின்ன வகுப்பு என்றால் எண் வேண்டாம், "இது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அப்படி இருந்தால்தான் மனதில் தங்கும்" என்றால் போதும்.

பெற்றோர் வந்து "என் பையன் பார்த்தால்தான் படிப்பான்" என்றால் மறுத்து வாதாட வேண்டாம். "படத்தைப் பார்த்த பிறகு, புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் படத்தை அவனையே வரைந்து விளக்கச் சொல்லுங்கள்" என்று அனுப்புங்கள். அவர் சொன்னதும் இருக்கும், தேவையானதும் நடக்கும்.

அறுபது பேர் வகுப்பு, முடிக்க வேண்டிய பாடமோ மலைபோல, இதற்கெல்லாம் நேரம் ஏது என்றால், எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்காதீர்கள். முதல் மாதம் அந்த ஐந்து நிமிட நினைவுக் கேள்விகளும் மூன்று நொடிக் காத்திருப்பும் மட்டும். தயாரிப்பு எதுவும் இல்லை, செலவும் இல்லை. அடுத்து வீட்டுப்பாடத்தில் பழைய பாடக் கணக்கு இரண்டைக் கலந்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் போகும்போது வாங்கும் தாள், அறுபதையும் பார்க்க முடியாவிட்டால் ஒரு வரிசையை மட்டும் பாருங்கள், அடுத்த வாரம் அடுத்த வரிசை. குழு வேலை, செயல்பாடுகள் எல்லாம் இவை பழகிய பிறகு வரட்டும்.